பூச்சி மருந்து ஊத்தியும் ஆடு சாகுதே, ஏன்? - வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல புழு, உண்ணி, பேன் பத்திதான். மழைக்காலம் முடிஞ்ச கையோட எப்பவும் இப்படித்தான் வரும். எல்லாத்தையும் உக்காந்து படிச்சப்போ ஒண்ணு கவனிச்சேன், எல்லாரும் நோவு வந்த ஆட்டையோ மாட்டையோ நாயையோ பத்தி ரொம்ப விவரமா எழுதியிருக்கீங்க, ஆனா அது எங்க மேயுது, எந்தத் தண்ணியில எறங்குது, கூட வேற என்ன பிராணி இருக்குன்னு ஒருத்தர் ரெண்டு பேர தவிர யாரும் எழுதல. எனக்கு முதல்ல தெரிய வேண்டியது அதுதாங்க. ஒட்டுண்ணி அதோட பாதி வாழ்க்கைய வேற எங்கயோ வாழுது, புல்லுல, நத்தைக்குள்ள, செவுத்துப் பொந்துல, இன்னொரு பிராணி வயித்துல. அடுத்த தடவை எழுதும்போது அதையும் சேத்து எழுதுங்க.

"நாப்பது செம்மறி வெச்சிருக்கோம். மாசாமாசம் தவறாம எல்லாத்துக்கும் பூச்சி மருந்து ஊத்தறோம். அப்படியும் மழைக்கு அப்புறம் ஆடு இளைச்சு, தாடைக்கு கீழ பை மாதிரி தொங்கி, ஆறு உருப்படி செத்துப்போச்சு. மருந்து போலியா இருக்குமா?" - வாசகர், தாராபுரம்

ஆறு ஆடுங்கறது சின்ன நஷ்டம் இல்லண்ணே, படிக்கவே கஷ்டமா இருந்துச்சு. ஆனா மருந்து போலின்னு உடனே முடிவு பண்ணிராதீங்க. நீங்க எழுதினதுல எனக்கு உறுத்தினது அந்த "மாசாமாசம், எல்லாத்துக்கும்"ங்கற ரெண்டு வார்த்தைதான்.

நீங்க சொல்ற அடையாளத்த வெச்சு பாத்தா இது ஹீமான்கஸ்ங்கற புழுவாத்தான் இருக்கும். ஆட்டோட நாலாவது வயித்துல ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிக்கும். பெண் புழு ஒரு இஞ்சு நீளம்தான் வரும், ரத்தம் நெறைஞ்ச செவப்புக் குடலும் வெள்ளை முட்டைப்பையும் ஒண்ண ஒண்ணு சுத்திக்கிட்டு முறுக்கின நூல் மாதிரி இருக்கும், செத்த ஆட்ட அறுத்துப் பாத்தா கண்ணாலயே பாக்கலாம். ஒரு புழு ஒரு நாளைக்கு குடிக்கறது 0.05 மில்லி, அதாவது ஒரு சொட்டு. ஆனா ஒரு ஆட்டுக்குள்ள 5,000 புழு இருந்தா தினமும் 250 மில்லி போயிருது, 30 கிலோ ஆட்டுக்கு உடம்புல இருக்கற மொத்த ரத்தமே 2 லிட்டர் கிட்டதான். ரத்தத்தோட புரதமும் சேந்து போறதால நீர் எறங்கி தாடைக்கு கீழ கட்டிக்குது. பகல் பூரா தலைய குனிஞ்சு மேயறதால சாயங்காலம் பெருசா தெரியும், காலையில பட்டியில பாத்தா வத்தின மாதிரி இருக்கும், அத பாத்து சரியாயிருச்சுன்னு ஏமாந்துராதீங்க.

ஒரு பெண் புழு ஒரு நாளைக்கு 5,000 முட்டைக்கு மேல போடும். அது புழுக்கையோட வெளிய வந்து, ஈரமும் சூடும் இருந்தா ஒரே வாரத்துல குஞ்சுப் புழுவாகி காலையில பனியோட புல்லுல ஏறி நிக்கும். அடுத்த ஆடு வந்து மேஞ்சா அதுக்குள்ள போயிரும். இப்ப நீங்க மருந்து ஊத்தறீங்க, 100 புழுவுல 97 செத்துச்சுன்னு வெச்சுக்கங்க, மிச்ச 3 அந்த மருந்துக்கு சாகாத ஜாதி. எல்லா ஆட்டுக்கும் ஒரே நாள்ல ஊத்திட்டதால அதுக்கப்புறம் காட்டுல விழற முட்டை பூரா அந்த சாகாத ஜாதியோடதுதான். மாசாமாசம் இப்படி செஞ்சா ரெண்டு மூணு வருஷத்துல உங்க காட்டுல இருக்கறது பூரா மருந்துக்கு அசராத புழுவா ஆயிரும். பருத்திக்கு ஒரே மருந்த திரும்பத் திரும்ப அடிச்சு காய்ப்புழு அடங்காம போன கதை உங்க பக்கம் தெரியாதவங்க இல்ல, இதுவும் அதேதான்.

அப்ப என்னதான் பண்றது? தென்னாப்பிரிக்காவுல செம்மறி வளக்கறவங்களுக்கு இதே பிரச்சனை கடுமையா வந்தப்போ அங்க ஒரு அட்டை கண்டுபிடிச்சாங்க, ஃபமாச்சான்னு பேரு, ஃபாஃபா மலான்ங்கற கால்நடை டாக்டர் பேர்ல இருந்து வந்தது. ஆட்டோட கீழ் இமைய விரிச்சு உள்ள இருக்கற நெறத்த அட்டையில இருக்கற 5 நெறத்தோட ஒப்பிடணும். நல்ல செவப்பு 1, வெள்ளை வெளேர்னு இருந்தா 5. 1, 2 இருக்கறதுக்கு மருந்தே வேண்டாம், 4, 5 இருக்கறதுக்கு கண்டிப்பா ஊத்தணும், 3 வந்தா சினையாடு, குட்டி, இளைச்ச ஆடுன்னா ஊத்துங்க. இது ஏன் வேலை செய்யுதுன்னா, ஒரு மந்தையில இருக்கற புழுவுல பெரும்பங்கு சில ஆட்டுக்குள்ளதான் இருக்கும், மத்ததெல்லாம் தாங்கிக்கிட்டு நல்லாவே இருக்கும். அந்த நல்ல ஆட்டுக்குள்ள மருந்தே படாத புழு கொஞ்சம் இருந்துட்டு போகட்டும், அதோட முட்டை கலந்துக்கிட்டே இருந்தாத்தான் மருந்துக்கு சாகற ஜாதி காட்டுல மிஞ்சும். கேக்க விசித்திரமா இருக்கும், புழுவ கொஞ்சம் விட்டுவெக்கச் சொல்றாரேன்னு. ஆனா நாப்பது ஆட்டுக்கு ஊத்தற எடத்துல பத்துக்கு ஊத்துவீங்க, காசும் மிச்சம்.

இன்னும் ரெண்டு விஷயம். கண்மதிப்புல டோஸ் போடாதீங்க, எடை போட்டு ஊத்துங்க, கம்மி டோஸ் கொல்லாது, புழுவ பழக்கிவிடும். அடுத்தது, மருந்து வேலை செய்யுதான்னு சந்தேகப்பட்டுக்கிட்டே இருக்க வேண்டாம், ஊத்தற அன்னைக்கு கொஞ்சம் புழுக்கை, 14 நாள் கழிச்சு அதே ஆட்டோட புழுக்கை கொஞ்சம், ரெண்டையும் கால்நடை ஆஸ்பத்திரியில குடுத்து முட்டை எண்ணிப் பாக்கச் சொல்லுங்க. முட்டை 95 சதவீதம் கொறையலன்னா அந்த வகை மருந்து இனி உங்க பட்டிக்கு ஆகாது, டாக்டர்கிட்ட கேட்டு வேற வகை மாத்தணும், வெறும் கம்பெனி பேர மாத்தினா பத்தாது.

உங்க ஊர்ப் பக்கம் கொறங்காடு இருக்கே, கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமுமா, அது இந்த புழுவுக்கு எதிரா நல்ல ஆயுதம். கட்டம் கட்டமா பிரிச்சு ஒண்ணுல நாலஞ்சு நாள் மேச்சுட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆறப்போடுங்க, நம்ம வெயிலுக்கு புல்லுல இருக்கற குஞ்சுப் புழு ஆடு கெடைக்காம நெறைய செத்துரும். பனி காயறதுக்கு முன்னாடி மட்டும் ஓட்டிராதீங்க.

"மருமக முழுகாம இருக்கா. வீட்ல பூனை இருக்கு, அத கொண்டுபோய் எங்கயாவது விட்டுரலாம்னு எல்லாரும் சொல்றாங்க. விடணுமா?" - வாசகி, மதுரை

விட வேண்டாம்மா. பயப்படறது டாக்சோபிளாஸ்மாங்கற கிருமிக்கு, கர்ப்பிணிக்கு புதுசா தொத்தினா வயித்துல இருக்கற குழந்தைய பாதிக்கும், அந்த பயம் நியாயம்தான். ஆனா பூனை அத பொதுவா முதல் தடவை தொத்தினப்போ ஒரு ரெண்டு வாரம் மட்டும்தான் வெளியேத்தும், வெளிய வந்ததும் உடனே ஒட்டாது, பக்குவமாக ஒரு நாள்ல இருந்து அஞ்சு நாள் ஆகும். தினமும் பூனைக் கழிவ வேற யாராவது எடுத்துக் கொட்டினா போதும், மருமக தொட வேண்டாம். பூனைக்கு பச்சைக் கறி போடாதீங்க. அதைவிட முக்கியம், வீட்ல சமைக்கற கறி நல்லா வேகணும், கீரை காய கழுவணும், தோட்டத்து மண்ண தொட்டா கை கழுவணும். நெறைய பேருக்கு இது வர்றது அந்த வழியிலதான்.

"மாடு மூச்சு விடறப்போ குறட்டை மாதிரி சத்தம், மூக்குல சளியோட ரத்தம் வருது. அதே குளத்துல கெடக்கற பக்கத்து வீட்டு எருமைக்கு ஒண்ணும் இல்ல. இது சளி தானே?" - வாசகர், மன்னார்குடி

சளியா இருக்க வாய்ப்பு கம்மி. குறட்டை நோய்னே இதுக்கு பேரு. மூக்குக்குள்ள இருக்கற ரத்தக் குழாய்ல ஒரு புழு குடியிருக்கு, 1933-ல எம்.ஏ.என். ராவ்ங்கற நம்ம நாட்டு ஆராய்ச்சியாளர் இத விவரிச்சு சிஸ்டோசோமா நாசாலேன்னு பேர் வெச்சார். அது போடற முட்டை மூக்குச் சதையில சிக்கி, சதை காலிஃபிளவர் மாதிரி வளந்து மூச்ச அடைக்குது. எருமைக்கும் இந்த புழு இருக்கும், ஆனா பெருசா வெளிய காட்டாது, தாங்கிக்கிட்டு முட்டைய மட்டும் மூக்குச் சளியோட குளத்துல விட்டுக்கிட்டே இருக்கும். அதனால உங்க மாட்டுக்கு வர்ற வழிகள்ல அந்த ஒண்ணும் இல்லாத எருமையும் ஒண்ணா இருக்கலாம். அதுக்காக அவங்களோட சண்டைக்கு போகாதீங்க, ரெண்டு வீட்டு மாட்டையும் சேத்து டாக்டர்கிட்ட காட்டுங்க, சளிய மைக்ரோஸ்கோப்புல பாத்தா முட்டை வளைஞ்சு பூமராங் மாதிரி தெரியும்.

நடுவுல ஒரு நத்தை இருக்கு, தட்டையா சுருண்டு ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி, வாய்க்கால்ல பாத்திருப்பீங்க. முட்டையில இருந்து வந்தது அந்த நத்தைக்குள்ள போய் பெருகி, தண்ணியில நீந்தி வந்து மாட்டுத் தோல துளைச்சு உள்ள போகுது, அதனால தண்ணி குடிக்காம எறங்கி நின்னாலே போதும். நடவுக்கு எறங்கற பொம்பளைங்களுக்கு கால் அரிச்சு தடிக்குதே, அதுக்கும் பல நேரம் இந்த மாதிரி மாட்டு, வாத்துப் புழுவோட குஞ்சுங்க வழி தப்பி மனுஷத் தோலுல எறங்கறதுதான் காரணம், நம்ம உடம்புல அதுங்க பொழைக்காது, அரிப்பு மட்டும் நமக்கு.

டெல்டாவுல இன்னொரு நத்தை ஈரல் தட்டைப்புழுவ பரப்புது, அது வேற வழி, தண்ணியோரப் புல்லுலயும் வைக்கோல் அடித்தாள்லயும் ஒட்டிக்கிட்டு மாட்டு வாய் வழியா போகும். இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரு விஷயம் சொல்றேன். இந்தோனேசியாவுல நெல்லு வயல்ல வாத்து எச்சத்த மாட்டுச் சாணியோட கலந்து போட்டுப் பாத்தாங்க. வாத்துக்குன்னு ஒரு தட்டைப்புழு இருக்கு, அதோட குஞ்சும் அதே நத்தைக்குள்ளதான் வளரும், வளரும்போது கூட இருக்கற மாட்டுப் புழுவோட குஞ்ச தின்னுரும். ஒட்டுண்ணிய வெச்சே ஒட்டுண்ணிய அடக்கறாங்க! நம்ம ஊர்ல அறுப்பு முடிஞ்சதும் வாத்து ஓட்டிட்டு வர்றவங்க வயல்ல எறங்கினா தொரத்தாதீங்க, நத்தையையும் அதுங்க நல்லா பொறுக்கும்.

"ஃபிளாட்ல நாய் வளக்கறோம். வாராவாரம் உண்ணி ஷாம்பு போடறேன், கையாலயும் எடுக்கறேன், ஆனா திரும்ப வருது. செவுத்துல கூட ஏறுது. வெறுத்துப்போச்சு." - வாசகி, சென்னை

செவுத்துல ஏறுதுன்னு எழுதினீங்க பாருங்க, பதில் அங்கயே இருக்கு. நாய் உண்ணி அதோட வாழ்க்கையில மூணு தடவைதான் நாய் மேல ஏறும், குஞ்சா ஒரு தடவை, அடுத்த பருவத்துல ஒரு தடவை, பெருசானப்போ ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் சில நாள் ரத்தம் குடிச்சுட்டு கீழ விழுந்து, மேல ஏறி, செவுத்து வெடிப்பு, கதவு நிலை, மின்சார பெட்டி, கட்டில் இடுக்குன்னு போய் ஒளிஞ்சுக்கும். கடைசியா விழற பெண் உண்ணி ஆயிரக்கணக்குல முட்டை போட்டுட்டு சாகும். சாப்பாடு இல்லாம மாசக்கணக்குல காத்திருக்கும். நீங்க நாய் மேல பாக்கறது அதுல ஒரு சின்ன பங்குதான்.

அதனால நாயையும் வீட்டையும் ஒரே சமயத்துல கவனிக்கணும். நாய்க்கு டாக்டர்கிட்ட கேட்டு ஃப்ளூரலேனர், அஃபாக்சோலேனர் மாதிரி மாத்திரை குடுங்க, எடைக்கு தகுந்தாப்ல. வலிப்பு வர்ற நாயா இருந்தா முன்னாடியே சொல்லிருங்க. வீட்ல வெடிப்ப எல்லாம் பூசி அடைங்க, நாய் படுக்கைய கொதிக்கற தண்ணியில போடுங்க, வாக்குவம் போட்டு குப்பைய உடனே கட்டி வெளிய போடுங்க. மூணு மாசமாவது விடாம செய்யணும். மாடிப்படியில ஒரு தெருநாய் படுக்குதுன்னா அதுக்கும் மாத்திரை குடுத்தாத்தான் முடியும், எல்லா வீட்டுக்காரங்களும் சேந்து காசு போட்டா ஒரு பெரிய விஷயமில்ல. மாட்டுக்கு அடிக்கற மருந்த வாங்கி நாய்க்கு ஊத்தறது, மண்ணெண்ணெய் தடவறது, இதெல்லாம் தயவுசெஞ்சு வேண்டாம். வீட்ல பூனையும் இருந்தா பெர்மெத்ரின் இருக்கற நாய் மருந்து பக்கத்துலயே வரக்கூடாது, பூனைக்கு அது விஷம்.

நாய் சோந்து படுத்து, ஈறு வெளுத்து, மூக்குல ரத்தமோ காப்பி கலர்ல மூத்திரமோ வந்தா அன்னைக்கே ஓடுங்க. உண்ணி பரப்பற எர்லிக்கியா, பபீசியாங்கற நோய் ரெண்டுமே சீக்கிரம் பாத்தா காப்பாத்தக்கூடியதுதான்.

"எருமைக் கன்னு பொறந்து ஒரு மாசம், வயிறு மட்டும் பெருசு, சாணி களிமண்ணு மாதிரி நாத்தம். இன்னும் புல்லே கடிக்கல, பால்தான் குடிக்குது. அதுக்கு எப்படி புழு வரும்?" - வாசகர், நாமக்கல்

பால் வழியாத்தான் வருது. தாய் எருமை உடம்புல தூங்கிக்கிட்டு இருக்கற உருண்டைப்புழுக் குஞ்சு, கன்னு போடற சமயத்துல முழிச்சு மடிக்கு வந்து பாலோட கன்னுக்குள்ள போயிரும். தாய்க்கு ஒரு அறிகுறியும் தெரியாது. நான் ஆறாவது படிக்கறப்போ எங்க வீட்ல அடுத்தடுத்து ரெண்டு எருமைக் கன்னு இப்படியே வயிறு உப்பி செத்துச்சு, எங்கம்மா கண்ணேறுன்னு நம்பி மந்திரிச்சு கயிறு கட்டினாங்க, ரெண்டாவது கன்னு செத்த அன்னைக்கு யாரும் சாப்பிடல. காலேஜ்ல இந்த புழுவ பத்தி பாடம் நடத்தினப்போ எனக்கு அந்த கன்னு ரெண்டும்தான் ஞாபகம் வந்துச்சு, ஒரே ஒரு வேளை மருந்துல தீந்திருக்கும்.

உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. ரொம்ப புழு இருந்தா ஒரேடியா செத்து குடல அடைச்சுரும், அதனால நீங்களா ஊத்தாதீங்க. இனிமே பொறக்கற ஒவ்வொரு கன்னுக்கும் 10 நாள்ல இருந்து 21 நாளைக்குள்ள முதல் டோஸ் குடுத்துருங்க, புழு பெருசாகி முட்டை போடறதுக்கு முன்னாடியே போயிரும். பால்ல வருதுன்னு சொன்னதுக்காக சீம்பால நிறுத்திராதீங்க, அது இல்லன்னா கன்னு வேற நோயில போயிரும்.

"ஒரு ஆடு தலைய ஒரு பக்கமா சாச்சுக்கிட்டு ஒரே எடத்துல சுத்திச் சுத்தி வருது. பேய் புடிச்சிருக்குன்னு சொல்றாங்க. கிடைக்கு காவல் நாய் ரெண்டு இருக்கு." - வாசகர், சிவகங்கை

நாய் இருக்குன்னு நீங்களாவது எழுதினீங்களே, நன்றி. பேயெல்லாம் இல்ல, மூளையில நீர்க்கட்டி. நாய் குடல்ல ஒரு நாடாப்புழு இருக்கு, அதோட முட்டை நாய்ப்பீயோட புல்லுல விழுந்து ஆடு தின்னா, உள்ள போன குஞ்சு ரத்தத்தோட மூளைக்கு போய் கட்டியா வளரும், எந்தப் பக்கம் கட்டியோ அதுக்கேத்தாப்ல ஆடு சுத்தும். அந்த ஆட்டோட தலைய அறுத்து நாய்க்கு போட்டா வட்டம் முழுசாயிரும். காட்டுல ஓநாய்க்கும் அதோட இரைக்கும் நடுவுலயும் இதே மாதிரிதான் ஓடும், தள்ளாடற ஆடு மந்தையில பின்தங்கும், ஓநாய்க்கு சுலபமா சிக்கும், புழுவுக்கு அதுதான் வேணும்.

கட்டிய டாக்டர் ஆபரேஷன் பண்ணி எடுக்க முடியும், எல்லாத்துக்கும் முடியாது. ஆனா ரெண்டு நாய்க்கும் ஆறு வாரத்துக்கு ஒருக்கா பிராசிகுவான்டெல் மாத்திரை குடுக்கலாம், ஆட்டுத்தலை, ஈரல், நுரையீரல் எதையும் பச்சையா நாய்க்கு போடாம ஆழக் குழி தோண்டி புதைக்கலாம். இத நான் ஆட்டுக்காக மட்டும் சொல்லல. இதோட பங்காளிப் புழு ஒண்ணு இருக்கு, அது மனுஷன் ஈரல்லயும் நுரையீரல்லயும் தேங்காய் அளவுக்குகூட கட்டி வளக்கும், நாயத் தடவின கைய கழுவாம சாப்பிட்டா வரும். ஐஸ்லாந்துல ஒரு காலத்துல இது வீட்டுக்கு வீடு இருந்துச்சு. 1860-கள்ல ஹரால்ட் கிராப்பேங்கற டென்மார்க் ஆராய்ச்சியாளர் அங்க போய் நாய்ங்கள அறுத்துப் பாத்து, அறுத்த ஆட்டோட உள்ளுறுப்ப நாய்க்கு போடாதீங்கன்னு சின்ன புத்தகமா எழுத, அரசாங்கம் அத வீடு வீடா குடுத்துச்சு. அப்ப மாத்திரையே கெடையாது, ஜனங்க படிச்சாங்க, பழக்கத்த மாத்தினாங்க, கொஞ்சம் கொஞ்சமா அந்த நோய் அந்த நாட்டவிட்டே போச்சு. நியூசிலாந்தும் பல பத்து வருஷம் நாய்க்கு மருந்து குடுத்து 2002-ல ஒழிஞ்சதா அறிவிச்சாங்க. நம்ம கிடைகள்லயும் முடியும்.

"மாட்டுப் புண்ணுல புழு வெச்சா சீத்தா இலைய அரைச்சுக் கட்டறாங்களே, சரியா?" - வாசகர், விழுப்புரம்

சீத்தா இலைக்கு பூச்சிய கொல்ற குணம் உண்மையாவே இருக்கு, கையில வேற ஒண்ணும் இல்லன்னா கட்டுங்க, ஆனா கண்ணுல படாம. அதோட நிறுத்திராதீங்க. நம்ம ஊர்ல இந்த வேலை பண்றது ஒரு ஈ, செத்த சதையில இல்ல, உயிரோட இருக்கற சதையிலயே முட்டை போடும், புழு திருகாணி மாதிரி உள்ள துளைச்சுக்கிட்டு போகும். ஒவ்வொண்ணா இடுக்கியில எடுத்து, டாக்டர்கிட்ட ஊசி போட்டு, புண்ணு ஆறற வரைக்கும் தினமும் ஈ உக்காராம மூடி வெக்கணும். ஃபினாயில், பெட்ரோல் ஊத்தினா புழுவோட சேந்து சதையும் வெந்துரும்.

"எங்க ஊரு காட்டுல இருக்கற யானைக்கும் மானுக்கும் குரங்குக்கும் யாரு பூச்சி மருந்து குடுப்பாங்க?" - ஒன்பதாம் வகுப்பு மாணவி, கூடலூர்

இந்த மாசத்துல எனக்கு ரொம்ப சந்தோஷம் குடுத்த கேள்வி இதுதான் கண்ணு. யாரும் குடுக்கறதில்ல. அதுங்களே பாத்துக்குதுங்க. யானை சேத்த வாரி பூசிக்குதே, அது காஞ்சு உதிரும்போது தோலுல இருக்கற பூச்சிங்களும் சேந்து போகும். தான்சானியாவுல மகாலேங்கற எடத்துல சிம்பன்சிங்க வயிறு சரியில்லன்னா கசப்பான ஒரு செடியோட தண்ட மென்னு சாறு உறிஞ்சறத மைக்கேல் ஹஃப்மன்ங்கறவரு 1987-ல கவனிச்சு எழுதினார். அதுங்க இன்னொன்னும் செய்யுதுங்க, சொரசொரப்பான இலைய மெல்லாம மடிச்சு முழுங்குதுங்க, அது குடல துடைச்சுக்கிட்டு புழுவோட முழு இலையா வெளிய வந்துருது.

காட்டுல ஒரு பிராணி நல்லா சாப்பிட்டு நடமாட எடம் இருந்தா கொஞ்சம் புழுவோட ஆயுசு பூரா இருந்துக்கும். யானை வயித்துல வளர்ற ஒரு ஈயோட புழு இருக்கு, யானைய விட்டா அதுக்கு வேற வீடே கெடையாது. சைபீரியா பனியில கெடைச்ச ஒரு மாமூத் வயித்துலகூட அதோட சொந்தக்காரப் புழு இருந்துச்சு, மாமூத் அழிஞ்சப்போ அந்த ஈயும் அதோடயே போயிருச்சு. அசாம்ல குள்ளப் பன்றின்னு ஒண்ணு இருக்கு, அது மேல மட்டும் வாழற ஒரு பேனையும் அழியப்போற உயிரினமா பட்டியல்ல சேத்திருக்காங்க. பேனுக்காக வருத்தப்படலாமான்னு சிரிக்காத, எனக்கு நெஜமாவே வருத்தமாத்தான் இருக்கு.

சிக்கல் எப்ப வருதுன்னா, நம்ம மாடும் நாயும் காட்டோட ரொம்ப நெருங்கும்போது. 1957-ல கர்நாடகாவுல சிமோகா பக்கம் கியாசனூர் காட்டுல குரங்குங்க கொத்துக் கொத்தா செத்துச்சு, அப்புறம் மனுஷங்களுக்கும் காய்ச்சல் வந்துச்சு. காட்டுத்தரையில இருக்கற ஒரு உண்ணிதான் அந்த வைரஸ பரப்புச்சு. காட்டுல மேயப்போற மாட்டுக்கு அந்த காய்ச்சல் வராது, ஆனா பெரிய உண்ணி வயிறு நெறைய ரத்தம் குடிச்சு முட்டை போட மாடு வசதியா இருக்கு, அதனால உண்ணி பெருகுச்சு. 2012-13 வாக்குல உங்க நீலகிரியிலயும் குரங்குல இந்த வைரஸ் இருந்துச்சு, 2015-ல பக்கத்து வயநாட்டுல நெறைய பேருக்கு காய்ச்சல் வந்துச்சு.

அதனால ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்க. டிசம்பர்ல இருந்து மே வரைக்கும் அந்த உண்ணியோட குட்டிப் பருவம் ஜாஸ்தி, அப்ப காட்டுக்குள்ள வெறகுக்கோ மாடு ஓட்டவோ போற வீட்டு ஆளுங்கள முழுக்கால் மூடற துணி போடச் சொல்லு, வந்ததும் சுடுதண்ணியில குளிச்சு உடம்ப பாக்கச் சொல்லு. வழியில குரங்கு செத்துக் கெடந்தா யாரும் தொடக்கூடாது, பக்கத்துலயும் போகக்கூடாது, செத்த உடம்புல இருந்து எறங்கின உண்ணி அங்கயே சுத்தி இருக்கும். உங்க டீச்சர்கிட்டயோ ஃபாரஸ்ட் ஆளுங்ககிட்டயோ எடம் எதுன்னு உடனே சொல்லிரு.